வார்ட் கப்பலின் நான்கு படங்கள்



வானொலியில் படங்களைப் பற்றிப் பேச வருவது சற்று விந்தையான செயலே. படத்தை நான் உங்களுக்குக் காட்ட இயலாது. நீங்களும் பார்க்க இயலாது. ஆயினும் இதில் ஒரு நன்மை உண்டு. கண்ணெதிரே படம் இருந்தால், 'பார்த்துவிட்டோம்' என்று நாம் விரைவில் நிறைவடைந்து விடுகிறோம். படம் இல்லாதபோதோ, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டியதாகிறது. படத்தைப் படிக்கும் முறையும் அதுவே. ஆகவே இன்று ஒரு போர்க்கப்பலின் நான்கு புகைப்படங்களைச் சொல்லால் உங்கள் முன் வைக்கிறேன்.

அக்கப்பலின் பெயர் 'வார்ட்'. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கடற்படையைச் சேர்ந்தது. அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் 1861-ஆம் ஆண்டு உயிர் நீத்த ஜேம்ஸ் ஹார்மன் வார்ட் என்ற கடற்படை அதிகாரியின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டப்பெற்றது. அது 'டிஸ்ட்ராயர்' எனப்படும் நாசகாரிக் கப்பல் வகையைச் சேர்ந்தது.

நாசகாரி என்ற பெயர் எவ்வாறு வந்தது என்பதை முதலில் அறிந்து கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டார்பிடோ என்னும் கருவி வந்தது. நீருக்கடியில் தானே ஓடிச் சென்று, பகைக் கப்பலின் வயிற்றில் மோதி வெடிப்பது அது. அதைச் சுமந்து விரைந்து செல்லும் சிறு படகுகள், மலை போன்ற பெருங்கப்பல்களையும் கவிழ்க்க வல்லவையாயின. யானையைக் கொல்ல எறும்பு போதும் என்ற நிலை கடலில் தோன்றியது. அந்த எறும்புகளை விரட்டிப் பிடித்து அழிப்பதற்காக, அவற்றினும் சற்றுப் பெரிய, அவற்றைப் போன்றே வேகமுள்ள கப்பல்களை 1890-க்குப் பின் கட்டத் தொடங்கினார்கள். டார்பிடோப் படகுகளை நாசம் செய்வது என்ற பொருளில் பிறந்த நீண்ட பெயர், நாளடைவில் சுருங்கி நாசகாரி என்று நின்றது. பின்னர் நீர்மூழ்கிக் கப்பல் பெருந்தொல்லையாக வளர்ந்தபோது, அதை வேட்டையாடும் கடமையும் நாசகாரியின் மேல் விழுந்தது.

இனி, முதற்படத்திற்கு வருவோம். அதை ஒரு படம் என்பதைவிடப் படங்களின் வரிசை என்பதே பொருந்தும். இடம், கலிபோர்னியாவில் உள்ள மேர் தீவுக் கப்பல் கட்டும் தளம். காலம், 1918-ஆம் ஆண்டு மே மாதம். மே 15-ஆம் நாள் கப்பலின் ஏரா, அதாவது முதுகெலும்பு போன்ற அடிப்பகுதி, கட்டுமேடையின் மேல் வைக்கப்படுகிறது. அடுத்தடுத்த நாள்களின் படங்களில் விலா எலும்புகளைப் போன்ற இரும்புச் சட்டங்கள் எழுகின்றன, பிறகு எஃகுத் தகடுகள் போர்த்தப்படுகின்றன, மேல்தளம் உருவாகிறது. சூன் முதல் நாள் முழு உடலும் அமைந்த கப்பல் நீரில் இறங்குகிறது. ஏரா வைத்த நாளிலிருந்து நீரில் இறங்கிய நாள் வரை பதினேழரை நாள்களே சென்றன! முந்நூற்றுப் பதினான்கு அடி நீளம். ஏறத்தாழ முப்பத்தோரடி அகலம். 1,247 டன் எடை. அத்தகைய கப்பலைப் பதினேழரை நாளில் நீரில் இறக்கியது அந்நாளில் உலகை வியக்கச் செய்த சாதனையாகும்.

இத்துணை விரைவு எதற்கு என்று நீங்கள் வினவலாம். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அப்போது செர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் வணிகக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக் கொண்டிருந்தன. உணவும் படையும் ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குக் காவலாக நாசகாரிகள் உடனே வேண்டியிருந்தன. நான்கு புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் ஒரே சாயலுள்ள நாசகாரிகளை அமெரிக்கா நூற்றுக்கணக்கில் கட்டியது. வார்ட் சேர்ந்திருந்த வகையில் மட்டும் 111 கப்பல்கள். அதையடுத்த வகையில் 156. அவை மணிக்கு முப்பத்தைந்து கடல் மைல் வேகத்தில் செல்லத்தக்கவை. ஒவ்வொன்றிலும் நான்கங்குல வாயுள்ள பீரங்கிகள் நான்கும், டார்பிடோக் குழாய்கள் பன்னிரண்டும் இருந்தன.

இப்போது ஒரு கேள்வி. இந்தப் பட வரிசை நமக்கு உண்மையைக் கூறுகிறதா? கூறுகிறது; ஆனால் முழுவதும் கூறவில்லை. கப்பலின் பல பகுதிகள் பட்டறைகளில் முன்னரே வெட்டப்பட்டும், துளையிடப்பட்டும், தறையாணி அடித்து இணைக்கப்பட்டும் அணியமாக இருந்தன. மே 15-ஆம் நாள் தொடங்கியது அவற்றைக் கட்டுமேடையில் ஒன்றுசேர்க்கும் வேலையே. அதற்கு முந்திய உழைப்பு இந்த வரிசைக்குப் புறத்தே நின்றுவிட்டது. நீரில் இறங்கிய கப்பலும் அன்றே கடலுக்குப் புறப்பட்டு விடவில்லை. அது கடற்படையில் சேர்ந்தது சூலை 24-ஆம் நாள்தான். ஏரா வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் எழுபது நாள். இதுவும் வியத்தகு விரைவே என்றாலும், பதினேழரை என்பது வேறு, எழுபது என்பது வேறு அன்றோ? படம் பொய் சொல்லவில்லை. எங்கே தொடங்கினோம், எங்கே நிறுத்தினோம் என்பதை எடுத்தவர்கள் தேர்ந்துகொண்டார்கள், அவ்வளவே. ஆகவே எந்தப் படத்தைக் கண்டாலும், 'இதற்கு முன் என்ன? இதற்குப் பின் என்ன?' என்று கேட்டுப் பழகுங்கள்.

இவ்வளவு விரைந்து பிறந்த கப்பலுக்குப் போரில் பெரும்பணி கிட்டவில்லை. அது அட்லாண்டிக்கை எட்டுமுன்னரே, 1918 நவம்பர் 11-ஆம் நாள் போர் ஓய்ந்துவிட்டது. 1919 மே மாதத்தில் அமெரிக்கக் கடற்படையின் பறக்கும் படகுகள் அட்லாண்டிக்கைக் கடக்க முயன்றபோது, வழி நெடுகக் காவல் நின்ற கப்பல்களில் ஒன்றாக அது பணிபுரிந்தது. 1921 சூலையில் பணியிலிருந்து விலக்கப்பட்டுத் துறைமுகத்தில் கட்டி வைக்கப்பட்டது. நீர்மூழ்கியை வேட்டையாடப் பிறந்த கப்பல், ஒரு நீர்மூழ்கியையும் வேட்டையாடாமல் இருபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

இரண்டாம் படம். ஒரு பீரங்கியைச் சுற்றி இளைஞர் சிலர் நிற்கின்றனர். கப்பலின் மூன்றாம் எண் பீரங்கி அது. கப்பலின் நடுப்பகுதியில், சமையலறையின் கூரை மேல், வலப்புறம் அமைந்தது. அவ்விளைஞர்கள் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மாலுமிகள் அல்லர். கடலுக்கு நெடுந்தொலைவில், அமெரிக்க உள்நாட்டில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் பால் என்னும் நகரத்துச் சேமப்படையினர். 1941 சனவரியில் வார்ட் கப்பலை மீண்டும் பணிக்கு எடுத்தபோது, அதை இயக்க அனுப்பப்பட்டவர்களுள் பலர் அந்நகரத்தவரே. பழைய கப்பல், புதிய கைகள். ஹவாய்த் தீவுகளில் உள்ள பேர்ல் துறைமுகத்தின் வாயிலில் காவல் சுற்றி வருவது அவர்கள் கடமை.

அவர்களை ஏன் படம் எடுத்தார்கள்? அக்கதையைக் கேளுங்கள்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. வார்ட் கப்பலின் தலைவர் லெப்டினன்ட் வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ். அவர் அப்பொறுப்பை ஏற்று இரண்டு நாள்களே ஆகியிருந்தன. அவர் தலைமை தாங்கிய முதற்கப்பலும் அதுவே. விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன், கண்ணிவெடி அகற்றும் 'காண்டர்' என்ற கப்பலிலிருந்து விளக்கொளியால் ஒரு செய்தி வந்தது. நீர்மூழ்கியின் பெரிஸ்கோப் போன்ற ஒன்றைக் கண்டதாக அவர்கள் அறிவித்தார்கள். வார்ட் தேடியது, ஒன்றும் அகப்படவில்லை. பொழுது புலரும் வேளையில், சுமார் 6.37 மணிக்கு, 'அன்டாரிஸ்' என்ற சரக்குக் கப்பல் துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னே, நீரைக் கிழித்துக்கொண்டு சிறு கோபுரம் போன்ற ஒன்று தொடர்ந்து வருவதை வார்ட் கண்டது. துறைமுகத்துள் நுழையும் கப்பலின் நிழலில் ஒளிந்து தானும் நுழைய முயன்ற சிறு நீர்மூழ்கி அது.

தலைவர் தயங்கவில்லை. கப்பல் பாய்ந்தது. 6.45 மணிக்கு முதல் எண் பீரங்கி சுட்டது, குறி தவறிற்று. அடுத்து மூன்றாம் எண் பீரங்கி சுட்டது. நூற்றைம்பது அடிக்கும் குறைந்த தொலைவில், குண்டு அக்கோபுரத்தின் அடியில் பாய்ந்தது என்று பீரங்கியினர் கூறினார்கள். நீர்மூழ்கி சாய்ந்து அமிழ்ந்தது. அதன்மேல் ஆழத்தில் வெடிக்கும் குண்டுகளும் போடப்பட்டன. பசிபிக் போரில் அமெரிக்கா செலுத்திய முதல் வேட்டு இதுவே.

6.51 மணிக்கு அவுட்டர்பிரிட்ஜ் கரைக்கு ஒரு செய்தி அனுப்பினார். தடை செய்யப்பட்ட கடற்பகுதியில் நீர்மூழ்கி ஒன்றின் மேல் ஆழ்குண்டுகள் போட்டதாக அதில் கூறியிருந்தார். அனுப்பியபின் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஆழ்குண்டு போட்டோம் என்றால், நீருக்கடியில் ஏதோ ஓசை கேட்டுப் போட்டிருப்பார்கள், திமிங்கிலமாகவும் இருக்கலாம் என்று கரையில் உள்ளவர்கள் எண்ணக்கூடும் அல்லவா? ஆகவே 6.53 மணிக்கு இரண்டாம் செய்தி அனுப்பினார். தாக்கினோம், சுட்டோம், பின் ஆழ்குண்டும் போட்டோம் என்று விளங்க உரைத்தார். கண்ணால் காணாத ஒன்றைப் பீரங்கியால் சுட முடியாது. 'சுட்டோம்' என்ற ஒரு சொல்லில், 'கண்டோம்' என்ற சான்றும் அடங்கியிருந்தது. மாணவர்களே, கட்டுரை எழுதும்போது சரியான சொல்லைத் தேடுங்கள் என்று ஆசிரியர்கள் உங்களை வற்புறுத்துவது எதற்காக என்பதை இங்கே காணலாம்.

ஆனால் சரியான சொல் சென்றும் பயன் விளையவில்லை. சங்கேதத்தைப் பிரித்தெழுதி, ஓர் அலுவலரிடமிருந்து மற்றோர் அலுவலருக்குச் செல்வதிலேயே பொழுது கழிந்தது. அதற்கு முந்திய மாதங்களில் நீர்மூழ்கியைக் கண்டதாகப் பல தவறான அறிவிப்புகள் வந்திருந்தன. ஆகவே, 'உறுதி செய்யுங்கள்' என்றார்கள். கடற்படைத் தலைவர் அட்மிரல் கிம்மல் செய்தியை அறிந்தபோது ஏழரை மணி கடந்துவிட்டது. அதே காலையில், தீவின் வடமுனையில் இருந்த ராடார் நிலையத்தில் இளம் படைவீரர் இருவர், பெருந்திரளான விமானங்கள் வருவதை 7.02 மணிக்குக் கண்டு சொன்னார்கள். நம்முடைய விமானங்களாகத்தான் இருக்கும், கவலை வேண்டா என்று அவர்களுக்கு விடை கிடைத்தது. 7.55 மணிக்கு ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேல் குண்டு பொழியத் தொடங்கின. அன்று மாண்ட அமெரிக்கர் 2,403 பேர்.

6.53-க்கும் 7.55-க்கும் இடையே ஒரு மணியும் இரண்டு நிமிடமும் இருந்தன. அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காத்திருக்கலாம் என்று நான் கூறமாட்டேன். ஆயினும் பீரங்கிகளுக்கு அருகில் ஆட்களை நிறுத்தியிருக்கலாம், உறங்கியவர்களை எழுப்பியிருக்கலாம். சொன்னவர்கள் எளியவர்கள், இரண்டு நாள் தலைவரும், உள்நாட்டிலிருந்து வந்த சேமப்படையினரும், ராடார் முன் அமர்ந்த இரு சிப்பாய்களுமே. சொல்லின் எடையைச் சொன்னவரின் பதவியைக் கொண்டு நிறுப்பது மனித இயல்பாகிவிட்டது.

இப்போது மீண்டும் இரண்டாம் படத்தைப் பார்ப்போம். இது அந்தக் காலையில் எடுத்தது அன்று. நிகழ்ச்சி முடிந்தபின், முதல் வேட்டைச் செலுத்தியவர்கள் என்று பாராட்டி, நிறுத்தி வைத்து எடுத்த படம். 6.45 மணிக்கு எவர் கையிலும் புகைப்படக் கருவி இல்லை. இருந்த கைகள் எல்லாம் குண்டை எடுத்துக் கொடுத்துக் கொண்டிருந்தன. ஆகவே, இப்படம் அம்மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்று. அந்தப் பீரங்கி இருந்தது என்பதற்குச் சான்று. குண்டு குறியில் பாய்ந்தது என்பதற்குச் சான்று ஆகாது. அதற்கு அவர்களுடைய வாய்ச்சொல் ஒன்றே சான்றாக நின்றது. மூழ்கிய நீர்மூழ்கி கிடைக்கவில்லை. 'உண்மையிலேயே பட்டதா? பட்டதாக எண்ணிக்கொண்டார்களா?' என்ற ஐயம் ஆண்டுக்கணக்காக அவர்களைத் தொடர்ந்து வந்தது.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துப் படம் ஒன்றையும் நினைவுகூர வேண்டும். அன்று ஜப்பான் ஐந்து சிறு நீர்மூழ்கிகளை அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றும் எண்பதடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது; இரண்டு டார்பிடோக்களை ஏந்தியது; இருவர் மட்டுமே செல்லத்தக்கது. ஆக, சென்றவர் பதின்மர். அவருள் ஒன்பதின்மர் மாண்டனர். கசுவோ சகமகி என்ற ஒருவர் கரை ஒதுங்கிச் சிறைப்பட்டார். 1942-இல் ஜப்பானிய அரசு, மாண்ட ஒன்பதின்மரைப் போர்த் தெய்வங்கள் என்று போற்றி நாடெங்கும் அறிவித்தது; நினைவு ஓவியத்திலும் ஒன்பது முகங்களே தீட்டப்பட்டன. இரண்டிரண்டு பேராக ஐந்து கப்பலில் சென்றவர் எப்படி ஒன்பதின்மர் ஆவர்? கணக்குத் தெரிந்த எந்தச் சிறுவனும் கேட்கக்கூடிய கேள்வி இது. உயிரோடு பிடிபட்டவர் படத்தில் இடம்பெறத் தகாதவர் என்று அரசு கருதியது. அவரோ போர் முடிந்து தாயகம் திரும்பி, ஓர் ஊர்தி நிறுவனத்தில் பணிபுரிந்து, 1999 வரை வாழ்ந்தார். இருப்பதைக் காட்டுவதால் மட்டுமன்றி, இருந்ததை விடுவதாலும் படம் பேசும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

மூன்றாம் படத்தில் கடலும் புகையுமே மிகுதி. வார்ட் எரிந்து கொண்டிருக்கிறது. இடம், பிலிப்பைன்ஸ் நாட்டு லெய்ட்டே தீவின் ஒர்மோக் விரிகுடா. பேர்ல் துறைமுகத்துக்குப்பின் வார்ட் விரைவுப் படையேற்றிக் கப்பலாக மாற்றப்பட்டது. மூன்றாம் எண் பீரங்கி கழற்றப்பட்டது. பசிபிக் தீவுகள் பலவற்றில் படைவீரரைக் கரையிறக்கும் பணியில் அக்கப்பல் உழைத்தது. ஒர்மோக்கில் படைகளை இறக்கிவிட்டுக் காவல் சுற்றி வருகையில், தற்கொலைத் தாக்குதல் விமானம் ஒன்று அதன் நடுவில் வந்து மோதியது. தீ அடங்கவில்லை. மாலுமிகள் கப்பலைக் கைவிட்டு இறங்கினார்கள். எரியும் கப்பலை அப்படியே விடலாகாது என்று, அருகிலிருந்த 'ஓ'பிரையன்' என்ற நாசகாரிக்கு அதைச் சுட்டு மூழ்கடிக்க ஆணை வந்தது. ஆணையை நிறைவேற்றிய ஓ'பிரையன் கப்பலின் தலைவர் யார் தெரியுமா? அதே அவுட்டர்பிரிட்ஜ்தான். நாள் எது தெரியுமா? 1944 டிசம்பர் 7. முதல் வேட்டு தீர்த்து மூன்றாண்டு நிறைந்த அதே நாள். தான் முதன்முதலாகத் தலைமை தாங்கிய கப்பலைத் தன் பீரங்கிகளாலேயே மூழ்கடிக்கும் கடமை அவரை வந்தடைந்தது.

இதையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் படத்தில் புகை தெரிகிறது, கப்பல் தெரிகிறது. அடுத்த கப்பலின் மேல்தளத்தில் நின்ற ஒரு மனிதரின் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பது தெரியவில்லை. அதை எந்தப் படக்கருவியும் பிடிக்காது. வரலாற்று ஏடுகளையும் நினைவுக் குறிப்புகளையும் புரட்டி, யார் எங்கே நின்றார் என்று அறிந்தவருக்கே அந்தப் புகைக்குப் பொருள் விளங்கும். படமும் ஏடும் இரட்டை மாடுகள்; ஒன்றை அவிழ்த்து விட்டால் வண்டி ஓடாது.

நான்காம் படம், மற்ற மூன்றையும் போன்றது அன்று. அது கடலின் அடியில் எடுத்தது. பல்லாண்டுகளாகப் பலர் அந்தச் சிறு நீர்மூழ்கியைத் தேடினார்கள். டைட்டானிக் கப்பலைக் கண்டுபிடித்த ராபர்ட் பாலர்டும் 2000-ஆம் ஆண்டில் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. பின்னர் 2002 ஆகஸ்ட் 28-ஆம் நாள், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 'பைசீஸ்' என்னும் இரண்டு ஆழ்கடல் ஊர்திகளில் இறங்கியபோது, பேர்ல் துறைமுகத்துக்கு வெளியே சில மைல் தொலைவில், 1,200 அடி அளவான ஆழத்தில் அது கிடந்தது. இரண்டு டார்பிடோக்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. கோபுரத்தின் அடியில், நான்கங்குலக் குண்டு துளைத்த ஓட்டை ஒன்று இருந்தது. பீரங்கியினர் எங்கே பட்டது என்று சொன்னார்களோ, அங்கேயே பட்டிருந்தது!

அறுபத்தோராண்டுகளுக்குப் பின் அவர்கள் சொல் மெய்யாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது பிழை. அவர்கள் சொல் 1941 டிசம்பர் 7-ஆம் நாள் காலை 6.53 மணிக்கே மெய்தான். நாம் அறிந்துகொள்வதற்குத்தான் அறுபத்தோராண்டு பிடித்தது. அவுட்டர்பிரிட்ஜ் 1986-இலேயே காலமாகிவிட்டார். அந்தப் படத்தை அவர் காணவில்லை. பீரங்கியைச் சுற்றி நின்ற இளைஞர்களுள்ளும் பலர் அதற்குள் மறைந்துவிட்டார்கள். எஞ்சியிருந்த வார்ட் கப்பல் முதியவர் சிலரே அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார்கள்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது மகிழ்ச்சியோடு நின்றுவிடவும் கூடாது. அந்தச் சிறு கப்பல் இரண்டு இளைஞர்களின் கல்லறை. ஒரு பக்கத்தவரின் சான்று, மறு பக்கத்தவரின் சமாதி. ஆகவேதான் அதை வெளியே எடுக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். வார்ட் கப்பலும் ஒர்மோக் விரிகுடாவின் அடியில் கிடப்பது 2017-ஆம் ஆண்டின் இறுதியில் கண்டறியப்பட்டது. வேட்டையாடியதும் வேட்டையாடப்பட்டதும் இன்று ஒரே பெருங்கடலின் இருவேறு மூலைகளில் உறங்குகின்றன. கழற்றி எடுத்த மூன்றாம் எண் பீரங்கியோ, 1958-ஆம் ஆண்டில் செயின்ட் பால் நகரத்துச் சட்டமன்ற வளாகத்தில் நிறுவப்பட்டது. கடலைக் காணாத ஊரில் அது நிற்கிறது.

அன்பர்களே, இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் என் பணிக்காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி நினைவுக்கு வந்து என்னை நாணச் செய்கிறது. நான் ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தபோது, வகுப்புக்கு எடுத்துச் சென்ற உலகப் படம் ஒன்று காணாமற்போயிற்று. எடுத்துச் சென்ற மாணவன், 'திரும்பக் கொண்டுவந்து அலமாரியின் மேல் வைத்துவிட்டேன், ஐயா' என்றான். நான் நம்பவில்லை. சான்று எங்கே என்றேன். அவனிடம் சான்று இல்லை. சொல் மட்டுமே இருந்தது. அவன் தந்தை வந்து அதற்குரிய விலையைச் செலுத்திச் சென்றார். இரண்டாண்டு கழித்துச் சுவருக்கு வெள்ளையடிக்க அந்த அலமாரியை நகர்த்தினார்கள். அதன் பின்னே, சுவருக்கும் பலகைக்கும் நடுவே, உலகப் படம் சுருண்டபடி விழுந்து கிடந்தது. அப்போது அவன் பள்ளியை விட்டுப் போயிருந்தான். பணத்தை அனுப்பி, மன்னிப்புக் கேட்டு அவன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பணத்தைத் திருப்பலாம், அந்த இரண்டாண்டை எப்படித் திருப்புவது?

சான்று கேட்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சான்று கேளாத அறிவு, அறிவே அன்று. ஆனால் சான்று இன்மை வேறு, பொய் வேறு. 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில், 'இவன் பொய்யன்' என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். 'உறுதி செய்யுங்கள்' என்று பேர்ல் துறைமுகத்தில் கேட்டது குற்றமன்று. உறுதி வரும்வரை ஒன்றும் செய்யாமல் இருந்ததே குற்றம். கேள்வியும் எழுப்பலாம்; அதே வேளையில் விளக்கையும் ஏற்றி வைக்கலாம் அல்லவா?

முடிவாக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பழைய படம் உங்கள் கைக்கு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எடுத்தவர் யார்? எடுத்தது எப்போது, நிகழ்ச்சியின்போதா, பின்னரா? எதற்காக எடுத்தார்கள்? சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது என்ன? இந்நான்குக்கும் விடை தேடுகிறவன் வரலாற்று மாணவன். விடை தேடாதவன் வேடிக்கை பார்ப்பவன். இன்று படம் எடுப்பது எளிது. எடுத்த படத்தை மாற்றுவது அதனினும் எளிது. ஆகவே இக்கேள்விகள் உங்கள் தலைமுறைக்கு எங்கள் தலைமுறையைவிட மிகுதியாக வேண்டும்.

மேர் தீவின் படங்களுக்கு நாள் குறித்திருந்தார்கள்; ஆகையால்தான் பதினேழரை நாளை நாம் இன்று எண்ணிப் பார்க்க முடிகிறது. பீரங்கியைச் சுற்றி நின்றவர்களின் பெயர்களைக் குறித்து வைத்தார்கள். ஆகையால்தான் அவர்கள் பெயரற்ற முகங்களாக மறையவில்லை. உங்கள் வீட்டிலும் பெட்டியின் அடியில் சில பழைய படங்கள் இருக்கும். இன்று மாலை அவற்றை எடுங்கள். பாட்டியாரையோ தாத்தாவையோ அருகில் அமர்த்தி, 'இவர் யார்? இது எந்த ஊர்? எந்த ஆண்டு?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். நாளைக்கு என்று ஒத்திப்போடாதீர்கள். சொல்ல வல்லவர் இருக்கும்போதே கேட்பதுதான் கேள்வி.